கொடிதான் தழைத்தது, அண்ணா

என் பிரியமுள்ள அண்ணா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. சேவூரில் உங்கள் காட்டில் வட்டமாகப் பதித்திருந்த குழாய்களை நேற்றுப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். யாரிடம் கத்துவதென்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

காற்றில் கரியமிலவாயு கூடினால் பயிர் என்ன செய்யும் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் தொட்டிச்செடி வைத்துப் பார்த்தவர்கள் நிறைய. வெயிலும் பூச்சியும் உள்ள வெட்டவெளியில், பயிரைச் சுற்றி வட்டமாகக் குழாய் பதித்து அந்த வாயுவை விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். "தொறந்த காட்டுல வாயு நிக்குமா அம்மிணி?" என்று சிரித்தீர்கள். ஆனாலும் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் தங்கைக்காக நிலக்கடலைக் காட்டில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தீர்கள்.

முதல் போகத்தில் வட்டத்துக்குள் கொடி தளதளவென்று வந்தது. ஒரு செடியைப் பிடுங்கி உதறினீர்கள். "மாட்டுக்குத் தீவனம் ஆச்சு. காயி எங்க அம்மிணி?"

அடுத்த போகம் விதைக்கும்போது நீங்கள் இல்லை. பூக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தியது, பூ கருகிக் கொட்டியது. அறுவடையில் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் காய் ஒரே எடைதான்.

எங்கள் அதிகாரி விவசாயிகள் கூட்டத்தில், கரியமிலவாயு பயிருக்கு நல்லது என்று சொல்லி, கொடியின் எடையை மட்டும் காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங்க, காயி எவ்வளவு கூடுச்சுங்க?" என்றார். "பயிர் நல்லா வளர்ந்திருக்குதுங்க" என்று நழுவினார் அதிகாரி. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "காய் கூடலீங்க" என்றேன். மறுவாரமே சோதனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

இப்போது பக்கத்துக் காட்டுக்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? "சாயப்பட்டறைப் புகையிலயும் அந்த வாயுதானுங்களே, பயிருக்கு நல்லதாமுங்க, கூட்டத்துல சொன்னாங்களே." நான் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு போகம் பார்த்திருக்கலாமோ அண்ணா? நல்ல மழை பெய்த வருஷத்தில் காய் பிடித்திருக்குமோ? இனி அதை யார் பார்ப்பார்கள்?

காய் எடையை விட்டுவிட்டு எழுதிய அறிக்கை என் கையெழுத்துக்கு வந்தது. போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு போகத்துக் கணக்கையும் தமிழில் நோட்டீஸாக அடித்து, வாரச்சந்தையில் நின்று நானே கொடுப்பேன். வேலையை விட்டு எடுத்தாலும் கொடுப்பேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சரசு