லூர்து கல்லின்மேல் கல்பாசி

சுனாமி வந்து போன மறு வருடம். அக்டோபர் 24, திங்கள்.

விடாத மழை. உப்பளம் பேட்டையில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். மண்ணெண்ணெய் வாங்கவில்லை. பல்வலி இன்று இல்லை.

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரன் ஆரோக்கியம் வந்தான். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றான்.

"அந்துவான் தாத்தா, பேரு தெரியாத கல்லறையெல்லாம் எடுத்துட்டு வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம். கல்லறைத் திருநாளன்னிக்குக் கமிட்டி வந்து பாக்கும். லூர்து ஆயா கல்லுல ஒரு எழுத்துகூடத் தெரியலயே."

லூர்து என் பெண்சாதி. கல் நட்ட அன்று எனக்கு எழுத்து தெரியாது. கல்தச்சன் என் விரலைப் பிடித்து வைத்து, "இதான் பேரு" என்றான். தலையாட்டினேன். எழுத்துக்கூட்டப் படித்தது கிழவனான பிறகு, முதியோர் வகுப்பில். அதற்குள் கல் மூடிக்கொண்டுவிட்டது. அவள் பெயரை அந்தக் கல்லில் நான் இன்னும் படித்ததில்லை.

அக்டோபர் 26, புதன்.

நேற்றே மழை விட்டது, நல்ல வெயில். தோட்டத்துக்குப் போனேன்.

வருடா வருடம் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் ஆட்கள் வழக்கம். செங்கல் கல்லறையோ கருங்கல்லோ, பார்ப்பதில்லை. வெள்ளையாக இருந்தால்தான் செத்தவர்களுக்கு மரியாதை. முதுகு வளையாமல் நான் அதை விட்டு வெகு வருடம். பழைய சுண்ணாம்பு எழுத்துக்குள் இறங்கி, அதன்மேல் கல்பாசி ஏறிவிட்டது. குழம்பில் போடுகிறோமே, அதற்குப் பங்காளி. காய்ந்த அடைபோலச் சாம்பல் நிறம், நடுவில் மஞ்சள்.

தேங்காய் நார், புளி, எலுமிச்சம்பழம். தேய்த்துத் தோள் விட்டுப்போனது. ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்தது. அடியில் வெள்ளையாக ஒரு பக்கு, நகம் இறங்கவில்லை.

ஆரோக்கியம்: "கக்கூஸ் கழுவுற ஆசிட்ட ஊத்துங்க தாத்தா. பளிச்சுனு ஆயிடும்."

வரும் வழியில் ஒரு பாட்டில் வாங்கினேன். இரவு கஞ்சி. ஊறுகாய் தீர்ந்தது.

அக்டோபர் 28, வெள்ளி.

மூடாக்கு. மழை இல்லை.

பாட்டில் மூடியைத் திறந்த நேரம், பக்கத்துக் கல்லறையிலிருந்து ஒரு குரல்: "அய்யா, ஊத்தாதீங்க!" கிளாரா டீச்சர். வீடு ரெட்டியார்பாளையம். கல்லைப் பற்றிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறதாம். தன் அப்பாவுக்குப் பூ வைக்க வந்தது. குனிந்து, பையிலிருந்த சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தது.

"கல்பாசி ஒரு புளிப்பு விடும் அய்யா. அது சுண்ணாம்போட சேந்து புது உப்பா இறுகிடும். கல்லு மாதிரியே. அதான் இந்த வெள்ளைப் பக்கு. புளி எலுமிச்சைக்கெல்லாம் அசையாது."

"அப்ப ஆசிட்டுதான?"

"பாசி கல்லுக்குள்ள வேர் மாதிரி எறங்கியிருக்கு. எழுத்தோரம் எல்லாம் பொடியா இருக்கு பாருங்க. இந்தப் பக்குதான் புடிச்சி வச்சிருக்கு. இத அரிச்சீங்கன்னா எழுத்தும் சேந்து உதுந்துடும்."

மூடியைத் திருகி மூடினேன்.

"கிட்னில கல்லு வருதே, பெரும்பாலும் இதே சரக்குதான்" என்றது.

"எனக்குப் பெரியாஸ்பத்திரில எடுத்தாங்களே!"

"அதேதான் அய்யா."

"அப்ப இத்தினி நாளா அவ மேல நான்தான் குந்திக்கினு இருக்கேன்."

டீச்சர் சிரித்தது. நானும். இந்த வாரம் நான் சிரித்தது அப்போதுதான்.

பாட்டிலை ஆரோக்கியத்திடம் கொடுத்தேன், கக்கூசுக்கே ஆகட்டும் என்று. பெயருக்கு என்ன வழி, தெரியவில்லை.

நவம்பர் 1, செவ்வாய்.

தீபாவளி. தெருவில் வெடி. எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, தட்டைக் கழுவிக் கொடுத்தேன். பேச்சுத்துணைக்கு ரேடியோ. சாயங்காலமே பேட்டரி போய்விட்டது.

நாளைக்குக் கமிட்டி.

நவம்பர் 2, புதன். கல்லறைத் திருநாள்.

விடிகிற நேரம் நல்ல மழை. விட்டதும் போனேன். மெழுகுவர்த்தி, சாமந்தி. மற்ற கல்லறையெல்லாம் புது வெள்ளை, மழையில் கரைந்து வழிகிறது. லூர்து கல்லைப் பார்த்தால் பச்சை! காய்ந்து கிடந்த பாசி தண்ணீர் பட்டு உயிர் பிடித்திருந்தது. எழுத்துப் பள்ளத்தில் கரும்பச்சை, மற்ற இடத்தில் வெளிர்பச்சை. ஈரம் தங்குகிற இடத்தில்தானே பாசி தடிப்பாக ஏறும்.

முழங்கால் போட்டு, விரல் வைத்து, கூட்டினேன். லூ. ர். து.

அப்புறம் முதலிலிருந்து. அப்புறம் இன்னொரு முறை. யாரும் பார்க்கவில்லை.

கமிட்டி வருவதற்குள் வெயில். கல் காய்ந்து பழையபடி சாம்பல். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, "ஒண்ணும் தெரியலயே, முசியே" என்றார், பிரெஞ்சுக்காரர் கால மரியாதையில்.

"செத்த இருங்க."

குழாயடியிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றினேன். காத்திருந்தோம். மெதுவாகப் பச்சை வந்தது.

"யாராவது படிங்கப்பா" என்றார்.

"நானே படிக்கிறேன்." சத்தமாகப் படித்தேன். ஆரோக்கியம் கை தட்டினான், திருநாள் என்றும் பார்க்காமல்.

"சரி, இந்தக் கல்லு இருக்கட்டும்" என்றார் வெள்ளைச் சட்டை. நகர்ந்தவர் திரும்பினார். "உங்களுக்கு அப்புறம் தண்ணி ஊத்திக் காட்ட யாரு வருவாங்க? அந்தம்மாவத் தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களா?"

"யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்தச்சன் போய்விட்டான். மகன் தொட்டிலிலேயே. அவள் தம்பி பிரான்சில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவன், அங்கேயே அடக்கம். அவள் துணி தேய்த்த வீட்டு வெள்ளைக்கார மதாம் கப்பலேறியவள்தான், அப்போதே கிழவி. வைத்திக்குப்பத்து மீன்காரி ராக்கம்மா, லூர்துக்கென்று நெத்திலி எடுத்து வைப்பாளே, அவளைப் போன வருடம் கடல் கொண்டுபோனது.

மிச்சம், அந்துவான்.