ஃபிரிட்ஜில் ஒட்டிய பெயர்

என்னங்க,

உங்கள் அக்கா உங்களுக்குப் போன் பண்ணுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

இன்று அவரோடு தேக்கா மருந்துக் கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். "வேற மருந்து ஏதாச்சும் எடுக்கிறீங்களா?" என்று மருந்தாளர் கேட்டார். யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லத்தானே இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அக்கா பக்கத்தில் நிற்கும்போதே, மனச்சோர்வுக்கு நான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"ரெண்டும் சேரக்கூடாது லா, ஆபத்து" என்று பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொன்று கொடுத்தார்.

போன மாதம் நீங்கள் எனக்கு ஊற்றிக் கொடுத்ததும் அவர் திரும்ப எடுத்துக்கொண்ட அதே மருந்துதான். உடம்பெல்லாம் நடுங்கியதே, ஞாபகம் இருக்கிறதா?

மாத்திரையின் பெயரைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தீபாவளிக்கு வருகிறவர்கள் படிக்கட்டும். நீங்கள் கிழித்தால் வாசல் கேட்டில் ஒட்டுவேன்; காரிடாரில் போகிற அக்கம்பக்கமே படிக்கும்.

இன்னும் இருமிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி