மகல் பிறந்தாள்

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

நான் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டதாக உன் அண்ணி சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தவறு. சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்து, "ஒரு மாசத்துல வந்துடுவேன்" என்று சொல்லி, பெட்டியை நானே தூக்கிக்கொண்டுதான் கிளம்பினேன். எழுபத்தொரு வயதில் மண் அள்ளப் போனேன் என்பதும் தவறு. மண் அள்ள என்னை யாரும் விடவில்லை.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் மூடிப்போன செங்கல் சூளை ஒன்றை இங்கே தோண்டுகிறார்கள். வேலை செய்ய வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் உண்டு, எனக்கும் பொழுது போகிறது. மற்ற எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். மேற்பார்வை செய்யும் பெண் என் கையெழுத்தைப் பார்த்ததும், "அம்மா, நீங்க குழிக்குள்ள இறங்கவே வேண்டாம், சீட்டு எழுதுங்க" என்றாள். கிடைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் குழி எண், ஆழம், தேதி, அதில் என்ன இருக்கிறது என்று எழுதி உறையில் போடவேண்டும். கான்வென்ட்டில் சிஸ்டர் விரல் முட்டியில் தட்டித் தட்டி வளர்த்த கையெழுத்து, கடைசியில் உடைந்த ஓட்டுக்குப் பயன்படுகிறது.

அப்பா போனபோது வந்தாய். என்னோடு நாலு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டாய். உன் கையெழுத்தைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. ஏன் எழுதுவதில்லை என்று இன்றுவரை நீ சொல்லவில்லை.

அம்மா

மார்ச் 9

அம்மாவுக்கு,

இதைக் கணினியில் அடித்து, தமிழ் நன்றாகத் தெரிந்த தோழியிடம் காட்டித் திருத்தி அனுப்புகிறேன். சிவப்புப் பேனாவுக்கு வேலை இருக்காது.

ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடம் முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது எனக்கே திரும்பி வந்தது. பதினோரு சிவப்பு வட்டங்கள். ஓரத்தில் 'கவனம் தேவை'. வேறு ஒரு வரி இல்லை. பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் உட்காராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

மார்ச் 15

குட்டி,

உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை, 'நீங்கள்' என்பதைத் தவிர. பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதானே கூப்பிட்டாய்.

முந்தாநாள் ஒரு முழுச் செங்கல் கிடைத்தது. ஈரம் காயும் முன்பு யாரோ அதில் விரலால் எழுதியிருக்கிறார்: 'மகல் பிறந்தாள்'. சீட்டில் நான் 'மகள் பிறந்தாள்' என்று எழுதினேன். மேற்பார்வைப் பெண் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கல்லுல என்ன இருக்கு?"

"தப்பா இருக்கு. நான் சரியா எழுதியிருக்கேன்."

"உங்கள யாரு சரி பண்ணச் சொன்னா? இருக்கறத இருக்கறபடி எழுதுங்க. கை நிறைய மண்ணு, பொண்ணு பொறந்த சேதி வந்திருக்கு. அந்த மனுஷன் எந்த 'ல'ன்னு பாத்துக்கிட்டா நிப்பாரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். புதுச் சீட்டில் 'மகல்' என்று எழுத மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்தேன்.

உன் கடிதத்தின் முதல் வரி, 'குளந்தை தங்கலம்மா'. அந்த 'ள'வைச் சுற்றித்தான் முதல் வட்டம் போட்டேன். எனக்கு மறக்கவில்லை. ஒன்றும் தெரியாததுபோல் உன்னைக் கேட்டது பொய். அந்த வார்த்தையைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை. 'ழ'வைப் போட்டுவிட்டால் ஏதோ சரியாகிவிடும்போல் இருந்தது. அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் பிழைதான். பதினொன்றையும் கண்டுபிடித்தேன், நீ எழுதியதைப் படிக்கவில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்று அதில் எழுதியிருந்தாயா, அதுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் கேட்கவும் இல்லை.

இப்போது கேட்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதிவரை இங்கே இருப்பேன். அதற்குப் பிறகு வீட்டு முகவரி. யாரிடமும் காட்டித் திருத்தாமல், உன் கையால் எழுதிப் பதில் போடு.

அம்மா