வெர்லின் கொடுத்த கார்புரேட்டர்

செப்டம்பர் 18, வியாழன்

காரை டிரெய்லரில் ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று. மதியம் கிளம்புவதாகப் பேச்சு, கிளம்பியது சாயங்காலம். டுவேனிடம் ஒரு சாமானை எடுத்து வை என்று சொன்னால் அதைத் தவிர மற்றதெல்லாம் எடுத்து வைப்பான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதே கதைதான்.

சீசனின் கடைசிப் பந்தயம் இது. எங்கள் டீம் என்று சொன்னால் நாங்கள் மூன்று பேர்தான். எஞ்சின் நான், டயர் என் புருஷன், ஓட்டுவது மகள் பிரிட்டா. சீசன் புள்ளிகளில் கிழவர் வெர்லினும் நாங்களும் ஒட்டி நிற்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் அவள் முடித்தால் இந்த வருடப் பட்டம் எங்களுக்கு. பின்னால் முடித்தால் போன வருடம் போலவே பட்டம் அவருக்கு, எங்களுக்கு இரண்டாம் இடம். இத்தனை வருடமாக ஓடியும் ஒரு தடவைகூடக் கைக்கு வந்ததில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இதோடு போதும், காரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். அவர்கள் இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பு வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

நாள் முழுக்க மழை. பயிற்சி ஓட்டம் ரத்து. ஈர டயர்களைத் துடைத்துத் துடைத்துத் தோள் கழன்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆயிற்றே, இந்தப் பக்கத்து வழக்கப்படி மீன் சாப்பிடப் போனோம். வெர்லினும் அவர் மனைவி லாவோனும் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள், அடுத்த பண்ணை. வெர்லினுக்கு அறுபத்தாறு ஆகியும் தானே ஓட்டுகிறார்.

"பிரிட்டா, என் காரோட பின்பக்கத்த இன்னிக்கே நல்லாப் பாத்து வெச்சுக்க. ஞாயித்துக்கிழம பூரா அதத்தான் பாக்கப்போற."

"நீங்க விடுற பொகையில எனக்கு எங்க கண்ணு தெரியப்போகுது?"

லாவோன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பட்டத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் ஒரே தட்டில் உருளைக்கிழங்கு எடுத்துத் தின்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

செப்டம்பர் 20, சனி

இந்த மனுஷனை நான் என்னதான் செய்வது!

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன். திரும்ப மாட்டுவதுதான் அவன் வேலை. போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கி அடிப்பாகத்தைப் பிளந்துவிட்டான். சத்தம் எனக்கே கேட்டது.

"லேசாத்தான் முறுக்கினேன், மார்லிஸ்."

"லேசா முறுக்கினா இப்படியா பிளக்கும்?"

உபரி ஒன்று இருக்கிறது. எங்கே? நாலு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், பட்டறை பெஞ்சில், நானே துணி சுற்றி வைத்தபடி. அதை எடுத்து வைக்காதது என் தப்பா அவன் தப்பா என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டோம். பிரிட்டா எங்களைப் பார்க்காமல் டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். தகுதி ஓட்டம் தொடங்கப்போகிறது. அதில் ஓடாவிட்டால் நாளைக்குப் பந்தயத்திலும் இடமில்லை.

அப்போது வெர்லின் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே கார்புரேட்டர்.

"என்னோட பழசு. நல்லா ஓடும், மாட்டிக்க. நிக்குற காரத் தோக்கடிச்சுட்டுப் போனா வீட்ல லாவோன் எனக்குச் சாப்பாடு போடமாட்டா."

பட்டத்துக்கு அவருக்கு இருக்கும் ஒரே போட்டி நாங்கள்தான்!

காற்று இழுக்கும் துளை இவ்வளவுதான் இருக்கலாம் என்று விதி. துளையைக் கடைந்து பெரிதாக்கினால் எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வரும், அது திருட்டு. சரிபார்க்க எஃகில் ஒரு அளவுக் கட்டை உண்டு. கட்டை துளைக்குள் இறங்கக் கூடாது. என் கருவிப் பெட்டியின் மேல் அறையிலேயே ஒன்று இருக்கிறது. கைகூட அந்தப் பக்கம் போயிற்று. ஆனால் அவர் எதிரில் நிற்கிறாரே! ஆபத்துக்கு ஒருவர் கொடுத்த சாமானை அவர் முகத்துக்கு நேரே அளந்து பார்ப்பதா? இங்கே யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு மாட்டினேன். போல்ட்டை நானே முறுக்கினேன்.

தகுதி ஓட்டத்தில் பிரிட்டா மூன்றாவது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜெயித்தோம். பிறகு எல்லாம் போயிற்று.

பிரிட்டா ஓட்டியதைப் பார்க்கக் கண் பத்தவில்லை. கடைசிச் சுற்றுவரை வெர்லின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். இடமே கொடுக்கவில்லை அவள். அவள் முதல், அவர் இரண்டாவது. டுவேன் என்னைத் தூக்கிவிட்டான். இடுப்புவலி ஞாபகமே இல்லை. அழுதேன்தான், அதற்கென்ன.

கடைசிப் பந்தயத்தில் மட்டும் முதல் மூன்று கார்களையும் திறந்து சோதிப்பார்கள். சோதிக்கிறவர் லோவெல், எத்தனையோ வருடப் பழக்கம். கட்டையைத் துளையில் வைத்தார். சரசரவென்று உள்ளே இறங்கிவிட்டது. எடுத்தார், திரும்ப வைத்தார். திரும்பவும் இறங்கியது.

"என்ன மார்லிஸ் இது?"

அடுத்து வெர்லினுடைய காரைச் சோதித்தார்கள். கட்டை இறங்கவில்லை. அவர் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை? ஊஹூம்.

"யாரோடது இது?" என்று லோவெல் கேட்டார்.

"என் கார்ல இருக்கு. என்னோடதுதான்."

அப்படி ஏன் சொன்னேன்? சாமானுக்குச் சொந்தக்காரரே வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் திறக்கவில்லை. பட்டத்தை அவருக்குக் கொடுத்தார்கள். பிரிட்டா கையுறைகளைக்கூடக் கழற்றாமல் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வீடு வந்தாயிற்று.

செப்டம்பர் 24, புதன்

பட்டறைக்குப் பழுதுபார்க்க வரவேண்டிய இரண்டு கார்கள் வரவில்லை. ஒருவர் போனில் சொன்னார். இன்னொருவர் அதுகூட இல்லை. பெட்ரோல் பங்கில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். துளையைக் கடைந்து ஏமாற்றியவளிடம் எஞ்சினை யார் கொடுப்பார்கள்? நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

டுவேன் குதிக்கிறான். "போன் போட்டு லோவெல்ட்ட சொல்லு! அந்தாளு குடுத்ததுன்னு சொல்லு! வாயில என்ன கொழுக்கட்டையா?"

பிரிட்டாதான் தடுத்தாள். "அவர் குடுக்கலேன்னா நாம ஓடியிருக்கவே மாட்டோம்பா. ஒதவி பண்ணவர மாட்டிவிட்டா நாளைக்கு யாரு யாருக்கு ஒதவுவா?"

சரிதான். ஆனால் வெர்லின் ஏன் வாயைத் திறக்கவில்லை? தெரிந்தே கொடுத்தாரா? சிரிக்கச் சிரிக்கப் பேசி, பெட்டியில் வைத்துக் குழியைக் கொண்டுவந்து கொடுத்தாரா? முப்பது வருடப் பழக்கம்.

செப்டம்பர் 27, சனி

கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுக்க வெர்லின் வீட்டுக்குப் போனேன். கொடுத்துவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதாக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல சாமானத்தான மார்லிஸ் நான் உனக்குக் குடுத்தேன்? அதப் போயி கடைஞ்சு வெச்சிருக்கியே! ஒரு ராத்திரில! என்னத் தோக்கடிக்க என் சாமானயேவா? லோவெல் முன்னாடி உன்னக் காட்டிக்குடுக்க மனசு வராமத்தான் நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ்! கடைஞ்சது நானா? ஓட்டை பெருசா இருக்குறதக் குடுத்துட்டு என்னையே திருடிங்கிறீங்களா? உங்க பேர நான் சொல்லல! ஊரே என்னக் காறித் துப்புது, அப்பவும் சொல்லல!"

லாவோன் சமையலறையிலிருந்து ஓடி வந்து கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

வெர்லின் பெட்டியைப் பிடுங்கினார். கார்புரேட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துளைக்குள் விரலை விட்டுத் தடவினார். நானும் எட்டிப் பார்த்தேன். கடைந்த தடம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் புதிதாகக் கடைந்தால் அலுமினியம் பளபளவென்று இருக்க வேண்டும். இதில் சுவர் முழுக்கப் பழுப்பு, பெட்ரோல் காய்ந்து காய்ந்து ஏறிய கறை. ஒரு ராத்திரியில் ஏறுகிற கறையா அது? வருடக்கணக்கில் ஓடினால்தான் அப்படிப் படியும். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

"மிச்சிகன்காரன்ட்ட வாங்குன எஞ்சினோட வந்தது" என்றார். குரலே இல்லை. "நல்லா ஓடுச்சு. நான் அளந்தே பாக்கல."

"எப்ப வாங்கினீங்க?"

"போன வருஷம், சீசனுக்கு முன்னாடி." இந்த ஜூலையில் புதிது வாங்கும்வரை இதைத்தான் ஓட்டியிருக்கிறார். போன வருடம் முழுக்கவும் இதுதான். போன வருடக் கடைசிப் பந்தயத்தில் அவர் நாலாவது, நாங்கள் ஐந்தாவது. இரண்டு காரையும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

அலமாரியில் போன வருடப் பட்டத்தின் கோப்பை இருக்கிறது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். லாவோன் "காபி போடறேன்" என்றாள். போடவில்லை, அங்கேயே நின்றாள்.

"நான் என்ன செய்யணும், மார்லிஸ்?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாள் திட்டித் தீர்த்தேனே! ஆனாலும் பெருந்தன்மையாக "விடுங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வருடப் பட்டமும் என் மகளுடையது. என்னால் அதைச் சும்மா விட்டுக்கொடுக்க முடியாது.

"அத நான் சொல்லக் கூடாது" என்றேன். வந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

வெர்லின் தானே காரை எடுத்துக்கொண்டு போய் லோவெலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இரண்டு கோப்பைகளையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாராம். லாவோன் போன் செய்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழுதாள்.

நவம்பர் 12, புதன்

லோவெல் கூப்பிட்டார். போன வருடப் பட்டமும் இந்த வருடப் பட்டமும் யாருக்கும் இல்லை என்று முடிவாம்.

"போன வருஷம் ரெண்டாவது நாங்கதான?"

"உங்க காரையும் அன்னிக்கு யாரும் தெறந்து பாக்கலயே, மார்லிஸ். இந்த வருஷம் தெறந்தோம், கட்டை இறங்கிடுச்சு. யார் சாமானா இருந்தா என்ன, உன் கார்ல இருந்துச்சு."

விதி அதுதான். எனக்கே மனப்பாடம். பிரிட்டாவிடம் சொன்னேன். "போனாப் போகுது" என்றாள். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்க் காரைத் துடைக்க ஆரம்பித்தாள். விற்கப்போவதைப் பற்றி இன்றும் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 18, சனி

சீசனின் முதல் பயிற்சி. காரை விற்கிற பேச்சை நான் எடுக்கவே இல்லை. குளிர், காற்று, மண். இடுப்பு போன வருடத்தைவிட மோசம்.

பழுதுக்குக் கார்கள் திரும்ப வருகின்றன. "நீ அப்படிச் செய்ய மாட்டேன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்" என்கிறார்கள். பெட்ரோல் பங்கில் பேச்சை நிறுத்தியவனும் சொன்னான்.

வெர்லினும் காரோடு வந்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். போன வருடம் அவரிடம் ஜாக்கி இரவல் வாங்கியவன், டயர் வாங்கியவன், எல்லாரும்தான். லாவோன் வரவில்லை. டிரெய்லர் விளிம்பில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

பிரிட்டா இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள். டுவேனிடம் நேரம் குறிக்கும் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு காபி வாங்கிக்கொண்டு போனேன்.

"இங்க உக்காராத, மார்லிஸ்" என்றார். "பாக்குறாங்க. உன் பேரும் கெட்டுரும்."

"அது ஒரு தடவ கெட்டாச்சு. நகருங்க."

நகர்ந்து உட்கார்ந்தார்.