சரசம்மாவுக்குப் போட்ட இலை

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
கொல்லம் 1116 துலாம் 12

சௌபாக்யவதி சீதாலக்ஷ்மிக்கு அம்மா மனசார ஆசீர்வாதம். பகவான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமா என்று நாலு வரி எழுதிப் போடு. அப்பாவுக்கு இருமல் தேவலை. உன் குழந்தைக்குப் பல் முளைத்ததற்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாகிவிட்டது.

கோர்ட்டுக் குழந்தை ஒன்று நம் வீட்டில் இருக்கிறது என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேனே, அதைப் பற்றி இன்று எழுதக் கை கூசுகிறது. புதிதாக வந்த ஜட்ஜ், குழந்தைகள் வழக்கை மாசக்கணக்கில் இழுக்காமல் உடனே எடுக்கவேண்டும், அதுவரை அதுகளைக் கோர்ட்டு வராந்தாவில் கிடத்தாமல் நல்ல குடும்பமாகப் பார்த்து வைக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்ததும், அங்கே வேலை பார்க்கும் அப்பா முந்திக்கொண்டு நம் வீட்டைச் சொல்லிவிட்டார். வந்தவள் சரசம்மா, ஆறு வயசு, விழிஞ்ஞத்துப் பக்கம், தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா ராஜையன் அடித்த தழும்பு முதுகெல்லாம் இருக்கிறது, அவன்தான் தன்னிடம் விடச் சொல்லி வழக்காடுகிறான், பெரியம்மாக்காரி தன்னிடம் விடச் சொல்கிறாள். நான் செய்கிற தர்மத்தைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

நேற்று முதல் விசாரணை. கூட்டத்தில் நிறுத்தாமல் ஜட்ஜ் தம் அறையிலேயே எங்களை உட்காரவைத்தார். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாராட்டு வாங்கத்தான் போயிருந்தேன். அந்த வீட்டில் நன்றாக இருந்தாயா என்று சரசம்மாவைக் கேட்டார். அம்மா வயிறு நெறயச் சோறு தந்தாவ, பசுவுக்கப் பக்கத்துல இருந்து தின்னேன், அங்கதான் படுத்தேன் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டில் இடம் குறைவோ என்று ஜட்ஜ் என்னை மரியாதையாகத்தான் கேட்டார். அவளே எனக்காகப் பரிந்துகொண்டு, எடம் நெறய உண்டு, நான் தொட்டா தீட்டாக்கும் என்றாள். மகாராஜா கோயிலையே எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்டு நாலு வருஷமாகிறது, என் வீட்டுக் கதவை நான் திறக்கவில்லை.

அடுத்த வாய்தா வரை எங்கே இருக்க இஷ்டம் என்று அவளைக் கேட்டார். வாசலில் நின்ற ராஜையனைப் பார்த்துவிட்டு என் முந்தானையைப் பிடிக்க ஓடிவந்தவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். நான் ஒண்ணையும் தொடமாட்டேன், என்ன அங்கயே விடுங்க என்று தேம்பித் தேம்பி அழுதாள். சீதா, எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே வைத்துக்கொள்வதானால் கூட்டிப்போங்கள் என்றார் ஜட்ஜ். சரி என்றேன். வழியெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தார், அவர் மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லையா.

இன்று காலை கூடத்தில் நீ உட்காருகிற மணையைப் போட்டு இலை போட்டேன். கொல்லைப்படியிலேயே நிற்கிறாள், உள்ளே வரமாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்து இழுத்தேன், என்னத் தொட்டா நீங்க இனியும் குளிக்கணுமே அம்மா என்று பதறி அவள்தான் உதறிக்கொண்டாள். இலை அப்படியே காய்ந்துவிட்டது.

உன் குழந்தையிடம் எதையாவது தொடாதே என்று சொல்லும்போது யோசித்துச் சொல்லு. உன் பழைய பாவாடைகளை இவளுக்குக் கொடுக்கிறேன், வருத்தப்படாதே. தீர்க்க சுமங்கலியாக, குழந்தை குட்டிகளோடு நன்றாக இரு. விளக்கேற்றும்போது மறக்காமல் ஒன்று வேண்டிக்கொள், அடுத்த வாய்தாவுக்குள் சரசம்மா நம் படியைத் தாண்டவேண்டும் என்று.

உன் அம்மா
வாலாம்பாள்