மீனைப் பற்றி இரண்டு பக்கம்

டெக்சாஸ்
5 பிப்ரவரி 2026

என் அன்பு ஜெபத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைய தினமும் ஜெபிக்கிறேன்.

நான் ஊரிலிருந்து கிளம்பும்போது, "போன் பண்ணாதிய, எடுக்கமாட்டேன். சொல்லுததை எழுத்துல சொல்லுங்க. பேச்சுல நழுவுத ஆள் நீங்க" என்றாய். சரி, எழுத்திலேயே சொல்கிறேன். இருபதாம் தேதிக்கு ஊர் திரும்பப் போட்டிருந்த டிக்கெட்டை மாற்றிவிட்டேன். வந்தால் நம் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டுதான் பாளையங்கோட்டைக்கு வருவேன். 'வாருங்கள்' என்று நீ ஒரு வரி எழுது, மறுநாளே மூன்று டிக்கெட் போடுகிறேன். இல்லையென்றால் ஜூன் பதினொன்று வரை எனக்கு விசா இருக்கிறது. நான் அசைவதாக இல்லை.

மூன்றரை வருஷம் பெற்ற பிள்ளையோடு பேசாமல் இருக்கிறாயே, உனக்கு மனசு என்ன கருங்கல்லா? பிரிஸில்லா அப்படி யாரைக் கட்டிவிட்டாள்? மேலப்பாளையத்துப் பையன். நம் வீட்டு வாசலிலிருந்து நாலு கிலோமீட்டர். ஜீஷானைப் போல ஒரு தங்கமான பிள்ளையை நம் சபையில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது.

வலை என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் ஒரு பெரிய அணைக்கட்டு ஏரி. ஜீஷானிடம் சின்னப் படகு ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் போகிறோம். ஸ்ட்ரைப்டு பாஸ் என்று ஒரு மீன். விலாவில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு, வெள்ளி உடம்பு. கடல் மீனாம். ஏரியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், நல்ல தண்ணீரில் குடும்பம் நடத்துகிறது. இதுவரை மூன்று கடித்து, மூன்றும் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டன. வசந்தம் பிறந்ததும், ஏரியில் ஆறு வந்து சேருகிற ஆற்றுமுகத்தில் கூட்டம் கூட்டமாக வருமாம். ஒன்றையாவது பிடிக்காமல் விடுவதில்லை. நான் எடுத்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பதில் போடு.

உன் அன்புள்ள
தேவசிகாமணி


பாளையங்கோட்டை
23 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நீங்கள் அசையாவிட்டால் அங்கேயே இருங்கள், நானும் அசைவதாக இல்லை. லெந்து உபவாச நாட்கள் தொடங்கிவிட்டன, எனக்கு ஆலயத்துக்குப் போகவும் வரவுமே நேரம் சரியாக இருக்கிறது.

அவள் யாரைக் கட்டினாள் என்பது என் வழக்கே இல்லை. இதை எத்தனை தடவை சொல்லியாயிற்று! சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவள் போனை நீட்டி, "டீச்சர், உங்க பிள்ளைக்கு மேலப்பாளையத்துல கல்யாணம் ஆயிட்டாமே, படம் நல்லாருக்கு" என்றாள். பெற்றவள் நான், அவளிடம் தேதி கேட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அம்மா, நான் இன்னாரைக் கட்டப்போகிறேன், வருவாயா?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் போனவளுக்கு இப்போது என் வாசல் எதற்கு? மனசு கருங்கல்தான். கருங்கல் ஆக்கினது நான் இல்லை.

இன்னொரு கூத்து. நேற்று சாயங்காலம் அந்தப் பையனுடைய தகப்பனார் முகம்மது இப்ராஹிம் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சியோடு வாசலில் வந்து நிற்கிறார். எங்களுக்கு லெந்து என்றேன். "எங்களுக்கும் நோம்புதாம்மா. இது தொறக்கும்போது குடிக்கது" என்று சிரிக்கிறார். சட்டியை வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். போகும்போது அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "உங்க பிள்ளை எழுதுன கடுதாசிக்கு நீங்க ஒரு வரி பதில் போட்டிருந்தா, நாங்களே கார் கொண்டுவந்து உங்களைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்போமே. அதுல அடியில நானும் ரெண்டு வரி எழுதியிருந்தேன்" என்கிறார்.

என்ன கடிதம்? எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. வயதான மனுஷன், விரதகாலத்தில் இப்படிக் கூசாமல் பொய் சொல்லலாமா? அவருடைய மகனைத்தான் நீங்கள் தங்கம் என்று எழுதுகிறீர்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு நீச்சல் தெரியாது.

உங்கள்
ஜெபம்


டெக்சாஸ்
10 மார்ச் 2026

என் அன்பு ஜெபத்துக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கோபத்தையும் வாசித்தேன், மிதவைச் சட்டையையும் வாசித்தேன். போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

சனிக்கிழமை நடந்ததைக் கேள். ஜீஷானுக்கு நோன்பு. எனக்கு லெந்து என்றாலும் மத்தியானம் சாப்பிடுவேன் இல்லையா, இரண்டு ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் பிரிஸில்லா கட்டிக் கொடுத்தாள். படகில் எதிரே ஒரு பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் படகு ஓட்டுகிறான், நான் எப்படி ரொட்டியைப் பிரிப்பேன்? "சாப்பிடுங்க மாமா, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்று நாலு தடவை சொன்னான். பசிக்கவில்லை என்றேன். வயிறு என்னைப் பொய்யன் என்று கத்துகிறது.

பொழுது சாயும்போது ஏரியின் நடுவே வெள்ளைப் பறவைகள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தன. மேலே பறவை விழுந்தால் கீழே அந்த வரிமீன் குஞ்சுமீன்களைத் துரத்துகிறது என்று அர்த்தமாம். மோட்டாரை நிறுத்திப் பையப் போனோம். உயிர்மீன் ஒன்றைத் தூண்டிலில் குத்தி விட்டேன். நோன்பு திறக்க ஒரு நிமிஷம் இருந்தது. ஜீஷான் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறான். அந்த நேரம் பார்த்துக் கடித்ததே ஒன்று! கம்பு வளைந்து தண்ணீரைத் தொடுகிறது. அவன் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, இழுக்காதிய. விடுங்க, ஓடட்டும். களைச்சா அதுவே வரும்" என்கிறான்.

எனக்கு விட வருமா? நம் ஆற்றில் கெளுத்திக்குத் தூண்டில் போட்ட கை. கடித்தால் வெடுக்கென்று இழுத்துத்தான் பழக்கம். கால்மணி நேரம் மல்லுக்கட்டி, படகுக்குப் பக்கத்தில் வந்து கோடுகூடத் தெரிந்தது. ஒரே இழுப்பு இழுத்தேன். அறுந்தது. நாலாவது மீன்.

இருட்டத் தொடங்கிவிட்டது. நேரம் கடந்து நிற்கிற அந்தப் பிள்ளை, முதல் பேரீச்சம்பழத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் தன் வாயில் போட்டான். ஜெபம், நான் அழுதுவிட்டேன். இவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாயே.

உன் அன்புள்ள
தேவசிகாமணி


பாளையங்கோட்டை
26 மார்ச் 2026

அன்புள்ள அத்தானுக்கு,

மீனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பறவையைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, உங்கள் கண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டிருந்த கடிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்ராஹிம் சொன்னது பொய் என்றால், 'பொய்தான் ஜெபம்' என்று எழுத உங்களுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? முப்பத்தாறு வருஷமாக உங்களோடு குடும்பம் நடத்துகிறேன். ஒன்றைச் சொல்ல விருப்பமில்லாதபோது நீங்கள் வேறொன்றை ரொம்ப நன்றாகச் சொல்வீர்கள்.

பிரிஸில்லா எனக்குக் கடிதம் எழுதினாளா? அது நம் வீட்டுக்கு வந்ததா? வந்தது, வரவில்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

ஜெபகனி


டெக்சாஸ்
11 ஏப்ரல் 2026

ஜெபம்,

வந்தது.

2022 ஜூலையில், பதிவுத் தபாலில் வந்தது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உன் பெயருக்கு வந்ததை உடைத்துப் படித்தேன். நிக்காஹ் அடுத்த மாதம், நீ வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். எடுத்து ஒளித்து வைத்தேன். அவளிடம், அம்மா படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டாள், இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்றேன்.

நீ கோபப்படுவாய் என்று பயந்து ஒளித்தேன் என்று எழுதி, ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். அதுவும் பொய். நீ கோபப்படுவாய், இரண்டு நாள் சாப்பிடமாட்டாய், மூன்றாம் நாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். முதல் வரிசையில் போய் உட்காருவாய். எனக்கு அது தெரியும். அதற்குத்தான் பயந்தேன். அப்போது நான் சபைக் கமிட்டிச் செயலாளர், அடுத்த மாதம் தேர்தல். செயலாளருடைய மனைவி மேலப்பாளையத்தில் உட்கார்ந்து மகளைக் கட்டிக் கொடுத்தாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று நினைத்தேன். நமக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றால் என்மேல் பரிதாபப்படுவார்கள். பரிதாபப்பட்டார்கள். ஜெயித்தேன்.

இதை நான் உனக்கு மட்டும் சொல்லவில்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் பிரிஸில்லாவும் எங்களோடு படகில் வந்தாள். மீன்கள் ஆற்றுமுகத்துக்கு ஏறியிருந்தன. ஒன்று கடித்தது. இந்தத் தடவை நான் இழுக்கவில்லை, ஜீஷான் சொன்னபடி ஓட விட்டேன். அரைமணி நேரத்தில் தானே பக்கத்தில் வந்தது. ஆறு கிலோ. நான் தூக்கிப் பிடிக்க, அவள் படம் எடுத்தாள். "அம்மாவுக்கு அனுப்பணும் போல இருக்குப்பா. ஆனா என் கடுதாசியவே மடிச்சு வச்சவ, இதையா பாக்கப் போறா?" என்றாள். உன் கேள்வி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. என்னால் முடியவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவள் போனை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள். ஜீஷான் படகைக் கரைக்குத் திருப்பினான். ஐந்து நாளாகிறது. எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அவன் மட்டும் இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். அதுதான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

கடிதம் என் பீரோவின் அடித்தட்டில், நீல நிறப் பென்ஷன் ஃபைலுக்குள் இருக்கிறது. சாவி சாம்பல் நிறக் கோட்டுப் பையில். நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

தேவசிகாமணி


பாளையங்கோட்டை
28 ஏப்ரல் 2026

அத்தானுக்கு,

எனக்கு மார்ச் மாதமே தெரியும். உங்களுக்கு அந்த ஒரு கேள்வியை எழுதிப் போட்ட மறுநாள், ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனேன். கடிதத்தைத் தபாலில் சேர்த்த இப்ராஹிம் அண்ணாச்சி, பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எடுத்து என் கையில் தந்தார். உங்கள் கையெழுத்து, வழக்கம்போல அடியில் கோடு இழுத்து. நான் அவரைப் பொய்யர் என்று நினைத்ததற்கு அவர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் வீட்டில் காப்பி குடித்தேன். இதை உடனே எழுதாமல் இருந்தது, நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்க்கத்தான். சொன்னீர்கள். ஒளிக்காமல் காரணத்தையும் சொன்னீர்கள். அதற்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் வந்ததும் பீரோவைத் திறந்தேன். மூன்றே பக்கம். கடைசியில், அண்ணாச்சியின் இரண்டு வரிக்கு மேலே, இப்படி இருக்கிறது: "அம்மா, நீ எதுவும் செய்ய வேண்டாம். வந்து என் தலையில் கை வைத்து ஒரு ஜெபம் பண்ணு, அது போதும்." தரையில் உட்கார்ந்து படித்தேன், முழங்கால் வலியில் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது.

நான் போயிருப்பேன் அத்தான். நீங்கள் எழுதினது சரி. ஊரெல்லாம் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று பேசினபோது, நான் அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். தெரிந்துகொண்டே, நீங்களும் அவர்களோடு சேர்ந்து என்னைக் கருங்கல் என்று எழுதினீர்கள். கடிதத்தை ஒளித்ததைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பிரிஸில்லாவைக் கூப்பிட்டேன். அம்மா என்றாள். பிறகு ஜீஷான் போனை வாங்கி, "அத்தை, அவ அழுதுட்டிருக்கா, நான் ஜீஷான் பேசுதேன்" என்றான். நல்ல குரல். எப்போது வருகிறீர்கள் என்று அவனிடமே கேட்டேன்.

மே பதினான்காம் தேதி வருகிறார்கள். இரண்டு பேரும் மூன்று வாரம் இங்கே இருப்பார்கள். நீங்கள் அவர்களோடு வர வேண்டாம். அவர்கள் திரும்பி வந்த பிறகு, விசா முடியும் முன் கிளம்பி வாருங்கள். மாடியறையைச் சுத்தம் பண்ணிப் போடுகிறேன். சமைத்துப் போடுவேன், மாத்திரை எடுத்து வைப்பேன். அதற்குமேல் இப்போது எதுவும் கேட்காதீர்கள்.

அதுவரை அங்கே சனிக்கிழமைதோறும் ஏரிக்குப் போங்கள். படகு இல்லாவிட்டால் கரையில் நின்று தூண்டில் போடுங்கள். நீங்கள் கூட வந்தால், என் மகள் வருவதும் உங்கள் கதையாகிவிடும். நீங்கள் கூட்டி வந்தீர்கள், நீங்கள் சேர்த்து வைத்தீர்கள் என்று சபையில் பேசுவார்கள். அதை இனி நான் உங்களுக்குத் தரமாட்டேன். அவள் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது விமான நிலைய வாசலில் நான் மட்டும் நிற்பேன்.

ஜெபகனி