அனுஷாவுக்கு ஊசி போடச் சம்மதம்

ஜோகுபாளையம்,
பெங்களூர்.
ஜூன் 10

அன்புள்ள அன்னாவுக்கு,

நீயும் அனுஷாவும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதி உன் தம்பி அமலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அனுஷாவின் புதுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஃப்ளூ தடுப்பூசிப் படிவத்தை நேற்று அவன் சந்தாபுராவில் உன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தான். பெயர், வயது, எடை எல்லாம் நீயே நிரப்பியிருக்கிறாய். பெற்றோர் கையெழுத்து இடத்தை மட்டும் விட்டிருக்கிறாய். "அக்கா ஒண்ணும் சொல்லல மாமா, குடுத்துட்டு வான்னாங்க, அவ்ளோதான்" என்றான். எனக்குப் புரிந்தது.

போன நவம்பரில் இதே மாதிரிப் படிவம் நம் க்ளெனின் பள்ளியிலிருந்து வந்தது. போட்டுவிடலாம் என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். நான்தான், "புதுக் காய்ச்சல், புது ஊசி. மத்த பசங்க மொதல்ல போட்டுக்கட்டும், பாத்துட்டு நாம போடலாம்" என்றேன். ஊசி ஆபத்து என்று வேலையிடத்தில் நாகேஷ் காட்டிய வீடியோவை உனக்கும் காட்டினேன். புது லிஃப்டைக்கூடப் பாரம் ஏற்றிச் சோதித்த பிறகுதானே ஆளை ஏற்றுகிறோம் என்று, பதினைந்து வருஷ லிஃப்ட் மெக்கானிக் என்ற திமிரில் பேசினேன். அந்த ஊசியையும் சோதித்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றவில்லை. நீ சமையலறைக்குப் போய்விட்டாய். 'சம்மதமில்லை' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை க்ளெனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை அவன் இல்லை. பத்து வயது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, அவனுக்குத் தொண்டையில் குழாய் வைக்கப்போகிறோம் என்றார்கள். அப்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஸ்போர்ட்ஸ் டேக்குள்ள சரியாயிடும்ல?" என்று கேட்டான். "ஆயிடும்டா" என்றேன். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். உன்னிடம் சொல்ல இத்தனை நாள் தைரியம் வரவில்லை. அது உனக்கும் சேர வேண்டியது. நான் ஒருவனே வைத்திருந்தது தப்பு.

கல்லறையிலிருந்து வந்த அன்றுகூட நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், அனுஷாவின் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனாய். திட்டியிருக்கலாம், அன்னா.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். நேற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு மறுபடியும் பயம் வந்தது. இருப்பது இவள் ஒருத்தி. இவளுக்கு ஊசியால் ஏதாவது ஆகிவிட்டால்? கையெழுத்துப் போட முடியவில்லை. எழுந்து டாக்டர் கேத்தரினிடம் போனேன். அன்று கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் நேற்றுக் கேட்டேன். கை வலிக்கும், ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், பெரிய தொந்தரவு வருவது மிக அபூர்வம், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்ப்பார்கள் என்றார். ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம், ஆனால் நெஞ்சுக்குப் போய் முற்றுவது வெகுவாகக் குறையும் என்றார்.

எழுந்து வரும்போது, போட்டிருந்தால் க்ளென் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நிச்சயமா யாராலயும் சொல்ல முடியாது லாயிட். ஆனா பொழைக்க வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன்.

இங்கே வேறு செய்தி இல்லை. வீட்டுக்கார சரளாம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மகளு யாவாக பர்த்தாளெ?" என்று, மகள் எப்போது வருவாள் எனக் கன்னடத்தில் கேட்கிறார். பள்ளி திறந்துவிட்டது, லீவுக்கு வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். க்ளெனின் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். உன்னைக் கேட்காமல் எதையும் கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை ஊசி. வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதே. அனுஷா ஊசியைப் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொள்வாள். மடியில் வைத்து, அவள் முகத்தை உன் பக்கம் திருப்பி வை. ராத்திரி உடம்பு சுட்டால் நீ பயந்துவிடுவாய், எனக்குத் தெரியும். ஊசிக் காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிடும். இறங்காவிட்டால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போ.

என்னை மன்னிக்கச் சொல்லியோ திரும்பி வரச் சொல்லியோ இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். திங்கட்கிழமை அவள் எழுந்து, சாப்பிட்டுப் பள்ளிக்குக் கிளம்பியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுத்துப் பேசி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். மணி அடித்தால் போதும்.

கர்த்தர் உங்கள் இருவர்மேலும் தம் கையை வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
லாயிட்